ப. சிங்காரம்: வாழ்வும், ஒரு போர் நாவல் பெற்ற மதிப்பீடுகளும்

தமிழர்க்குப் போர் இலக்கியம் புதியதன்று. வெட்சி முதலாகப் புறத்திணைகளை வகுத்துக்கொண்ட மொழி நம் மொழி. புறநானூற்றையும் களவழி நாற்பதையும் கலிங்கத்துப் பரணியையும் பெற்ற மரபு நம் மரபு. எனினும் நாவல் என்னும் வடிவம் தோன்றி வளர்ந்த பின்னர், போர் பெரும்பாலும் அரசர் காலத்துக் கதைகளிலேயே இடம்பெற்றது. கல்கி முதலானோர் பல்லவர், சோழர் காலத்துப் போர்களைப் படைத்துக் காட்டினர். விமானமும் பீரங்கியும் கொண்டு நிகழ்ந்த இருபதாம் நூற்றாண்டுப் போரை, அதன் நடுவே அகப்பட்ட தமிழனின் கண்கொண்டு காட்டிய நாவல்கள், ஈழப்போர் பற்றிய படைப்புகள் எழுவதற்கு முன்னர், மிகச் சிலவே. அச்சிலவற்றுள் தலையாயது ப. சிங்காரம் எழுதிய ‘புயலிலே ஒரு தோணி’.

இந்நாவலைப் பற்றி இலக்கிய உலகில் ஒரே கருத்து நிலவவில்லை. தமிழின் தலைசிறந்த நாவல் இதுவே என்பாரும் உளர். கட்டுக்கோப்பற்ற நூல் என்பாரும் உளர். இக்கருத்துகளை எடைபோடுவதற்கு முன்னர், அதனை எழுதியவரின் வாழ்வை ஒருமுறை நோக்குதல் தகும். கணியம்பாடி வட்டாரத்தினராகிய நமக்கு இந்நோக்கு வேறொரு வகையிலும் பொருத்தமுடையது. வீட்டுக்கு வீடு படைவீரரைத் தந்து, இராணுவப்பேட்டை என்றே பெயர்பெற்ற கம்மவான்பேட்டை நமக்கு அண்டை ஊர். போர் என்பது இப்பகுதி மக்களுக்கு ஏட்டில் மட்டும் படித்தறியும் செய்தியன்று.

பிறப்பும் கடற்பயணமும்

சிங்காரம் 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ள சிங்கம்புணரியில் பிறந்தார். தந்தையார் பழனிவேல் நாடார். தாயார் உண்ணாமலை அம்மாள். தொடக்கக் கல்வியை ஊரிலும், உயர்நிலைக் கல்வியை மதுரை தூய மரியன்னை பள்ளியிலும் பெற்றார். கல்லூரிப் படிப்பை அவர் நாடவில்லை, கடல் கடந்தார்.

அக்காலத்தில் இராமநாதபுரம் சீமையின் இளைஞர்க்குக் கடல் கடத்தல் அரியதொரு செயலன்று. பர்மா, மலேயா, சுமத்ரா முதலிய இடங்களிலெல்லாம் தமிழர் நடத்திய வட்டிக்கடைகள் இருந்தன. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாகி, பின்னர்த் தனிக்கடை வைத்து முதலாளியாவது என்பது அவ்வுலகின் படிநிலை. சிங்காரம் 1938இல், தம் பதினெட்டாம் வயதில், இன்றைய இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில் உள்ள மேடான் நகருக்குச் சென்று, அங்குத் தமிழர் ஒருவரின் வட்டிக்கடையில் பணியில் அமர்ந்தார். அப்போது அந்நாடு டச்சுக்காரரின் ஆட்சியில் இருந்தது.

கடைவேலை அவருடைய நாளை எடுத்துக்கொண்டது. நூலகம் அவருடைய மனத்தை எடுத்துக்கொண்டது எனலாம். மேடானில் அவர் ஆங்கில நூல்களைத் தேடிப் படித்தார். எர்னஸ்ட் ஹெமிங்வேயின் எழுத்து அவரைப் பெரிதும் கவர்ந்தது. முதல் உலகப் போரின் இத்தாலிய முனையைக் களமாகக் கொண்டு ஹெமிங்வே எழுதி 1929இல் வெளிவந்த ‘போர்க்களங்களுக்கு விடை’ என்னும் பொருள்படும் நாவல் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. போரைப் புகழாமலும் போரைக் கண்டு புலம்பாமலும் எழுத இயலும் என்பதை அவ்விளைஞர் அந்நூலில் கண்டிருத்தல் கூடும்.

போர்க்காலம்

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சுத் திங்களில் ஜப்பானியப் படை சுமத்ராவில் இறங்கி மேடானைக் கைப்பற்றியது. அசைக்க முடியாதது என எண்ணப்பட்ட டச்சு ஆட்சி சில நாள்களில் மறைந்தது. கடல்வழி அடைபட்டது. ஊருக்குக் கடிதமில்லை, பணமனுப்ப வழியில்லை. ஜப்பானியர் அச்சிட்டு வெளியிட்ட தாள்நாணயம் நாளுக்குநாள் மதிப்பிழந்து, 1945இல் அவர்கள் தோற்றவுடன் வெறுங்காகிதமாயிற்று. வட்டிக்கணக்கையே வாழ்வாகக் கொண்டிருந்த தமிழ் வணிகர்க்கு அது வாழ்வின் அடித்தளமே சரிந்த காலம்.

அதே காலத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாம், பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காட்டிலேயே மாண்டனர். 1943 சூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபோது, தோட்டத் தொழிலாளரும் கடைப் பணியாளருமாகத் தமிழர் திரளாக அதில் சேர்ந்தனர். 1945 ஆகஸ்டு 17ஆம் நாள் இந்தோனேசியா விடுதலையை அறிவித்தது. டச்சுக்காரர் மீண்டும் வந்தனர். மீண்டும் போர் மூண்டது. 1949 இறுதியில்தான் அவர்கள் அந்நாட்டின் விடுதலையை ஏற்றனர்.

இந்நிகழ்வுகளின் பெரும்பகுதிக்குச் சிங்காரம் அண்மையிலிருந்த சாட்சி. அவர் போரைக் கண்டது படைவீரராக அன்று. கடைப் பணியாளராகவும், பின்னர் மராமத்துத் துறைப் பணியாளராகவும் கண்டார். இந்தோனேசியாவிலேயே அவருக்குத் திருமணமும் நிகழ்ந்தது. மனைவியார் மகப்பேற்றின்போது இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. அதன்பின் அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1946இல் தாயகம் திரும்பினார்.

மதுரை வாழ்க்கை

1947இல் மதுரைத் தினத்தந்தி நாளிதழில் பணியில் சேர்ந்த சிங்காரம் 1987 வரை, நாற்பது ஆண்டுகள், அங்கேயே பணியாற்றினார். மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஓர் அறையில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தனித்து வாழ்ந்தார். மேடைகளில் அவரைக் காண்பது அரிது. இலக்கியக் குழு எதிலும் அவர் உறுப்பினராக விளங்கியதில்லை. தம் நூலைப் பற்றிப் பிறரிடம் எடுத்துரைக்கும் இயல்பும் அவரிடம் இல்லை.

அவர் எழுதிய நாவல்கள் இரண்டே. முதலாவது ‘கடலுக்கு அப்பால்’. 1950 அளவில் எழுதப்பெற்ற இந்நூல், கலைமகள் நடத்திய நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் வெளிவந்தது. இரண்டாவதாகிய ‘புயலிலே ஒரு தோணி’ 1962 அளவில் எழுதி முடிக்கப்பெற்றது. கலைஞன் பதிப்பக வெளியீடாக அச்சேறியது 1972இல். இடைப்பட்ட பத்தாண்டுகள் அந்நூல் கைப்பிரதியாகவே காத்திருந்தது. நூல் வெளிவந்த பின்னரும் நிலைமை மாறவில்லை. குறிப்பிடத்தக்க மதிப்புரைகள் எழவில்லை, விவாதம் எழவில்லை. அதன்பின் சிங்காரத்திடமிருந்து மூன்றாவது நாவல் வரவில்லை.

இவ்விடத்தில் நாம் சற்றே நிற்றல் வேண்டும். ஒரு நூலைக் குறைகூறி எழுதும் விமர்சனம் ஆசிரியனை வருத்தலாம். ஆனால் அவன் நூலைப் படித்தார் ஒருவர் உண்டு என்பதையாவது அது அவனுக்கு அறிவிக்கும். மௌனம் அதனைக்கூட அறிவிப்பதில்லை. போரையும் பிரிவையும் தாங்கிய அம்மனிதரின் எழுதுகோலை நிறுத்தியதில் அம்மௌனத்திற்குப் பெரும்பங்கு உண்டு என்றே கருத வேண்டியுள்ளது.

நாவல்கள் கூறும் கதை

‘கடலுக்கு அப்பால்’ நாவலின் தலைவன் செல்லையா. இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றிவிட்டு, போர் முடிந்தபின் பினாங்கில் உள்ள முதலாளியின் வட்டிக்கடைக்குத் திரும்பி வருகிறான். முதலாளியின் மகள் மரகதத்தின்மீது அவனுக்குக் காதல். படையில் சேர்ந்தவன் கடைத்தொழிலுக்கும் குடும்பத்திற்கும் ஆகமாட்டான் என்று முதலாளி கருதுகிறார். காதல் கைகூடவில்லை. போர் தன்னைத் தொட்டவனைப் பழைய வாழ்வுக்குள் நுழைய விடுவதில்லை என்பதே இந்நாவலின் உட்பொருள்.

‘புயலிலே ஒரு தோணி’ மேடானில் ஜப்பானியர் நுழையும் நாளில் தொடங்குகிறது. தலைவன் பாண்டியன். கொள்ளையில் ஈடுபட்டோரின் தலைகளை ஜப்பானியர் வெட்டிக் கடைத்தெருவில் காட்சிக்கு வைக்கும் பகுதியைப் படித்தவர் எளிதில் மறவார். பாண்டியன் தொங்கான் எனப்படும் மரக்கலத்தில் ஏறிப் பினாங்குக்குச் செல்கிறான். நடுக்கடலில் புயல் எழுகிறது. பின்னர் அவன் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்கிறான். போர் முடிந்ததும் சுமத்ராவுக்குத் திரும்பி, டச்சுக்காரரை எதிர்த்துப் போரிடும் இந்தோனேசியருடன் இணைகிறான். இறுதியில் தாயகம் காணாமலே குண்டுக்கு இரையாகிறான். இந்நிகழ்ச்சிகளுக்கிடையே மதுரைத் தெருக்களும் சொந்த ஊர்ச் சந்தையும் நினைவில் எழுகின்றன. மதுக்கூடத்தில் அமர்ந்து தமிழ், தமிழர், இலக்கியம், வரலாறு பற்றி நண்பர்கள் நீண்ட உரையாடல் நிகழ்த்துகின்றனர்.

மாறுபட்ட மதிப்பீடுகள்

நூல் வெளிவந்து பதினைந்து ஆண்டுகள் அளவில் கடந்த பின்னரே மௌனம் கலைந்தது. விமர்சகர் சி. மோகன் 1980களில் தமிழ் நாவல்களை மதிப்பிட்டு எழுதியபோது, இதனைத் தமிழின் தலைசிறந்த ஒருசில நாவல்களுள் ஒன்றாக நிறுத்தினார். ந. முருகேசபாண்டியன் மதுரையில் சிங்காரத்தை நேரில் கண்டு உரையாடி, அவருடைய வாழ்வையும் எழுத்தையும் பற்றிய செய்திகளைப் பதிவு செய்தார். ஜெயமோகனும் தம் நாவல் விமர்சனங்களில் இந்நூலுக்கு உயர்ந்த இடம் அளித்தார். பின்னர்த் தமிழினி பதிப்பகம் இரு நாவல்களையும் ஒரே நூலாக வெளியிட்டது. அதுமுதல் இந்நூல் தொடர்ந்து படிக்கப்பட்டும் விவாதிக்கப்பட்டும் வருகிறது. அவ்விவாதங்களை நான்காகத் தொகுத்து நோக்கலாம்.

முதலாவது, வடிவம் பற்றியது. போர்க்கதை விரைந்து செல்லும்போது மதுரை நினைவுகளும் மதுக்கூட உரையாடல்களும் குறுக்கிட்டு ஓட்டத்தைத் தடுக்கின்றன என்பது ஒரு சாரார் கருத்து. இவர்கள் அளவாலும் அமைப்பாலும் ‘கடலுக்கு அப்பால்’ நாவலே செம்மையானது என்பர். மற்றொரு சாரார், அக்குறுக்கீடுகளே இந்நூலின் உயிர் என்பர். உருசியப் பேராசான் டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ 1860களில் வெளிவந்தபோதும் இதையொத்த விவாதம் எழுந்தது. அதில் இடம்பெற்ற வரலாற்றுச் சிந்தனைப் பகுதிகள் கதையைக் கெடுக்கின்றன என்று துர்கனேவும் பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரும் குறைப்பட்டனர். அக்குறையுடனேயே அந்நூல் உலகின் முதன்மையான நாவல்களுள் ஒன்றாக நிலைபெற்றது.

இரண்டாவது, அங்கதம் பற்றியது. தமிழரின் பழம்பெருமைப் பேச்சைச் சிங்காரம் கடுமையாக எள்ளி நகையாடுகிறார். இவ்வெள்ளல் தமிழ்ப்பற்றுக்கு ஊறு விளைப்பது என வருந்துவோர் உளர். ஆயின் அவ்வெள்ளலின் மொழியை ஊன்றி நோக்கினால், காப்பிய நடையும் உரைகாரர் நடையும் அவருக்குக் கைவந்தவை என்பது புலனாகும். ஒரு மரபைப் பயிலாதவரால் அதன் ஓசையைக் கொண்டே அதனைக் கேலி செய்தல் இயலாது. பற்றில்லாதவர் இத்துணை உழைத்துப் பயின்றிருக்கவும் மாட்டார்.

மூன்றாவது, பாண்டியன் என்னும் பாத்திரம் பற்றியது. வினையில் துணிவும் சொல்லில் கூர்மையும் உடைய அவன், சாகசக் கதைத் தலைவனுக்கு நெருங்கியவன் என்பது ஒரு குற்றச்சாட்டு. இதில் உண்மை உண்டு. ஆனால் சாகசக் கதையில் தலைவனின் செயலுக்குப் பயன் விளையும். பாண்டியன் செய்யும் எச்செயலும் வரலாற்றின் போக்கை ஒரு விரற்கடையும் மாற்றுவதில்லை. அதனை அவனும் அறிவான். வகுப்பறையில் இந்நூலைப் பாடமாக நடத்தும்போது, நேதாஜியின் படையில் நிகழ்ந்த பூசல்களையும் எழுத வேண்டுமா என மாணவர் வினவுவதுண்டு. ஈகத்தை மட்டும் எழுதினால் அது பரணியாகும். ஈகம் செய்தோரின் பசியையும் பொறாமையையும் சேர்த்து எழுதுவதே நாவலாகும் என்பதே அவ்வினாவுக்கு நான் கூறும் விடை.

நான்காவது, மொழி பற்றியது. மலாய்ச் சொல்லும் டச்சுச் சொல்லும் வட்டிக்கடை வழக்கும் மதுரைப் பேச்சும் செந்தமிழும் கலந்த நடை வாசகனைத் திணறச் செய்கிறது என்பர் சிலர். அக்கலப்பே அவ்வாழ்வின் உண்மை என்பர் வேறு சிலர். துறைமுக நகரில் வாழ்ந்த தமிழன் ஒரே நாளில் நான்கு மொழிகளைக் கேட்டான். அவன் கதையைத் தனித்தமிழில் எழுதினால் அவன் காதைப் பொத்தியது போலாகும். இக்கருத்தே எனக்கும் உடன்பாடு.

இந்நான்கினும் பெரிதாகப் பேசப்படாத குறையொன்றை இங்குக் கூற விழைகிறேன். போரில் பெண்கள் பட்ட பாடு இந்நாவலில் உரிய அளவில் இடம்பெறவில்லை. கணவனைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு, நான்காண்டுகள் கடிதமின்றிக் காத்திருந்த சிங்கம்புணரிப் பெண்ணின் போரை இந்நூல் தொலைவிலிருந்தே காண்கிறது. தோட்டங்களில் ஆண்கள் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டபின் எஞ்சிநின்ற பெண்களின் குரலும் இதில் வலுவாக ஒலிக்கவில்லை. நூலின் பெருமையை இக்குறை அழித்துவிடாது. ஆயினும், தமிழில் போர் நாவல் இந்நூலோடு நிறைவடைந்துவிடவில்லை என்பதற்கு இதுவே சான்று.

நம் மரபின் அளவுகோல்

மாறுபட்ட இக்கருத்துகளுக்கெல்லாம் காரணம் அளவுகோல் வேறுபாடே எனத் தோன்றுகிறது. போர் நாவல் என்றவுடன் நாம் தும்பையையும் வாகையையும் எதிர்பார்க்கிறோம்: எதிர்நின்று பொருதல், வெற்றி, புகழ். இந்நூலில் அவை நிலைப்பதில்லை. தொல்காப்பியர் வகுத்த புறத்திணைகளுள் உலக நிலையாமையைப் பொருளாகக் கொண்ட காஞ்சித் திணை ஒன்றுண்டு. ‘புயலிலே ஒரு தோணி’ காஞ்சி சார்ந்த நாவல் என்று கொண்டால், பல ஐயங்கள் தீரும்.

டச்சுக்கொடி இறங்கி ஜப்பானியக் கொடி ஏறுகிறது; அதுவும் இறங்குகிறது. நேற்றுச் செல்வமாக இருந்த தாள் இன்று குப்பையாகிறது. படை எழுகிறது, கலைகிறது. இந்நிலையாமையின் நடுவே, நினைவில் மட்டும் மதுரைத் தெரு அழியாமல் நிற்கிறது. ஆதலின் நினைவுப் பகுதிகள் கதைக்கு இடையூறல்ல. அழிவனவற்றுக்கு எதிரே ஆசிரியர் நிறுத்தும் அழியாப் பொருள் அவை. பழம்பெருமையை அவர் எள்ளுவதும் இதன்பாற்பட்டதே. நிலையாமையை நேரில் கண்டவர்க்கு நிலைபேறு பற்றிய ஆரவாரம் நகைப்பையே தரும்.

இறுதிக்காலம்

சிங்காரம் தம் வாழ்நாளின் கடைப்பகுதியில் தம் நூல் பேசப்படுவதைக் கண்டார். புகழ் அவரைத் தேடி வந்தபோது, அதனை வரவேற்கும் வேட்கை அவரிடம் எஞ்சியிருக்கவில்லை. பணியாற்றிச் சேர்த்த ஏறத்தாழ 7 இலட்சம் ரூபாயை ஏழை மாணவர் கல்விக்கென நாடார் மகாஜன சங்கத்திடம் அளித்தார். 1997ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் மதுரையில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. அவருடைய நூற்றாண்டு 2020இல் நிறைவுற்றது.

பத்தாண்டுகளை நிறைவு செய்யும் நம் வட்டத்திற்கு இவ்வாழ்வு உணர்த்துவது ஒன்று உண்டு. ஒரு நூலைப் பற்றிக் கருத்து மாறுபடுவது அந்நூலுக்கு இழைக்கும் தீங்கன்று. அதுவே நூலின் உயிர்ப்பு. தீங்காவது, ஆசிரியன் வாழுங்காலத்தில் அவன் நூலைக் கையில் எடுக்காமலே இருத்தல். சிங்காரத்தின் நூலை 1972இலேயே ஊர்தோறும் பத்துப்பேர் கூடிப் படித்துச் சண்டையிட்டிருந்தால், தமிழுக்கு மூன்றாவது நாவலும் கிடைத்திருக்கலாம். இலக்கிய வட்டங்கள் இருப்பது இதற்காகவே. நம் உறுப்பினருள் முதல் நூலை அச்சிட்டுவிட்டு ஒரு சொல்லுக்காகக் காத்திருப்போர் உளர். அடுத்த கூட்டத்தில் அவர்கள் நூல்களை முதலில் எடுத்துக்கொள்வோம்; குறையாயினும் நிறையாயினும் முகத்துக்கு நேரே கூறுவோம்.

கம்மவான்பேட்டையின் வீடுகளிலும் நம் பகுதியின் பிற ஊர்களிலும் படையிலிருந்து திரும்பிய முதியோர் இன்றும் வாழ்கின்றனர். அவர்களை அனுப்பிவிட்டுக் காத்திருந்த பெண்களும் வாழ்கின்றனர். சிங்காரம் எழுதாமல் விட்ட பகுதி அவர்களிடம் இருக்கிறது. அதனைக் கேட்டு எழுதும் கை நம் வட்டத்திலிருந்து எழுமாயின், அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் தக்க நன்றி அதுவேயாகும்.